வீரபாகு ஆறு தரம் ஏறினார்

பரந்தன் சந்தியில் வாகன ரயர்க் கடை ஒன்றின் மேல்மாடியில் ஹலீமின் கம்பனி இருக்கிறது. கேபிள் போகாத ஊர்களுக்கு இணையம் கொடுப்பதுதான் அவர்களின் தொழில். ஏ-ஒன்பது வீதியோரமாகப் போகும் பெரிய கம்பனி ஒன்றின் கேபிளிலிருந்து இணைப்பை வாங்குவார்கள். அதைக் கோபுரத்துக்குக் கோபுரம் வானலையில் அனுப்பி, கடைசியில் வீட்டுக் கூரையில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திப் பூட்டிக் கொடுப்பார்கள். ஹலீம் முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, சிறுவயதில் குடும்பத்தோடு போய்ப் புத்தளத்தில் வளர்ந்தவர். திரும்பி வந்து முதலில் போன் கார்ட் விற்றார், பிறகு போன் விற்றார், பிறகு இதைத் தொடங்கினார். வானலை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அதனால்தான் தெரிந்த ஒருவரைத் தேடினார்.

அப்படி வந்து சேர்ந்தவள் பிரேமிளா. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பரந்தனுக்குப் பக்கத்திலேயே வீடு. கொழும்பில் ஒரு தொலைபேசிக் கம்பனியில் நாலு வருடம் வேலை செய்ததாகச் சொன்னாள். அது உண்மை. எந்தப் பகுதியில் என்று ஹலீம் கேட்டபோது, கோபுரங்களுக்கிடையே இணைப்புப் போடும் பகுதியில் என்றாள். அது உண்மையில்லை. மூன்றாம் மாடியில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களின் முறைப்பாட்டைக் கேட்கும் வேலைதான் அவள் செய்தது. கோபுரப் பொறியியலாளர்களை அவள் சாப்பாட்டு அறையில் கண்டிருக்கிறாள். அடுத்த மேசையிலிருந்து அவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறாள்.

ஆனால் அவள் சும்மா இருந்தவள் இல்லை. வேலை கிடைத்த நாளிலிருந்து கையேடுகளை வரி வரியாக வாசித்தாள். பழுதாகிப்போன ரேடியோக்களைக் கழற்றிப் பார்த்தாள். கணினியில் இணைப்பைத் திட்டமிடும் மென்பொருளைத் தானாகவே பழகினாள். இரண்டு வருடத்தில் ஆறு ஊர்களுக்கு இணைப்புப் போட்டாள். ஆறும் நன்றாக ஓடின. ஒரு பெண் கோபுரத்தடியில் நின்று, இடதுபக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இப்ப இறுக்குங்கோ என்று சொல்லுவதை ஊர்ச்சனம் நின்று பார்க்கும். அந்தப் பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது.

மேலே நின்று இறுக்குபவர் வீரபாகு. நாற்பத்தாறு வயது. அவருடைய தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவர் பிறந்தது கிளிநொச்சியில். ஆனாலும் நாற்பது வருடமாக ஊரில் உள்ளவர்கள் அவர்களைத் தோட்டத்து ஆக்கள் என்றுதான் சொல்வார்கள். வீரபாகு அதிகம் கதைக்க மாட்டார். ஏறுவதற்கு முன்னால் இடுப்புப் பட்டியை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். மேலே போனால் வேலை முடிந்துதான் இறங்குவார். பிரேமிளா அவரை அண்ணை என்பாள். அவர் அவளை மிஸ் என்பார்.

கடலோரத்து உப்புநீர் ஏரியான களப்புக்கு அந்தப்பக்கம் கண்டல்முனை என்று ஒரு மீன்பிடிக் கிராமம் இருக்கிறது. நூற்றுநாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், வாரத்தில் இரண்டு நாள் திறக்கும் ஒரு சின்ன வைத்தியசாலை. போன் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கியில் ஏறி நிற்க வேண்டும். பள்ளிக்கூட அதிபர் சுமித்திரா ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஹலீமிடம் வந்தார். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று கருவிச் செலவைப் பொறுப்பேற்க முன்வந்தது. இனி எந்தக் கருவி என்று தெரிவு செய்வதுதான் மிச்சம். அதைப் பிரேமிளாவிடம் விட்டார் ஹலீம்.

கண்டாவளைப் பக்கம் கம்பனிக்கு ஏற்கெனவே ஒரு கோபுரம் இருந்தது. அங்கேயிருந்து கண்டல்முனை நேர்கோட்டில் பதினேழு கிலோமீற்றர். கோட்டின் பெரும்பகுதி களப்பு. கொழும்பில் கருவி விற்கும் ஒருவர் ஒரு தொகுதியைச் சொன்னார்: ஒரு முனையில் ஒரு டிஷ், மறுமுனையில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு டிஷ். இன்னொரு வழி, பெட்டியில் வந்து இறங்குகிற சாதாரண ரேடியோச் சோடி. முனைக்கு ஒரு டிஷ், பூட்டினால் வேலை செய்யும், முப்பது கிலோமீற்றர் வரை போகும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

கொழும்புக்காரருடைய பொறியியலாளர் வீடியோவில் வந்து பிரேமிளாவோடு கதைத்தார். மரியாதையான மனிதர். தெறிப்புப் புள்ளி எங்கே விழுகிறது, மாரியில் நீர்மட்டம் எவ்வளவு உயரும், அதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தெறிப்புப் புள்ளி என்ற சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் ஹலீம் உட்கார்ந்திருந்தார். அவள் தலையை ஆட்டி, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். பொறியியலாளர் விடவில்லை. கொழும்பில் எந்தக் கம்பனியில், யாருக்குக் கீழே வேலை செய்தீர்கள், எனக்கு அங்கே எல்லோரையும் தெரியும் என்றார். இணைப்பு வெட்டுப்படுகிறது என்று சொல்லி அவள் வீடியோவை நிறுத்தினாள்.

அந்தத் தொகுதியை எடுத்தால் அந்த மனிதரோடு மாதக்கணக்கில் கதைக்க வேண்டியிருக்கும். பெட்டியில் வருகிற சோடியை எடுத்தால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அவள் பெட்டியைத் தெரிவு செய்தாள். ஹலீம் ஒரு கேள்விதான் கேட்டார். அவரை அவள், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்பாள்.

"தங்கச்சி, தண்ணிக்கு மேலால போறதால ஒரு பிரச்சினையும் வராதோ?"

"வராது நானா. நான் எல்லாம் பாத்திட்டன்."

ஓகஸ்ட் மாதம் அவளும் வீரபாகுவும் கம்பனியின் வான் வண்டியில் போய் இடம் பார்த்தார்கள். களப்பு வற்றிக் கிடந்தது. வெடித்த சேற்றில் மாடுகளின் குளம்படி பதிந்திருந்தது. அங்கங்கே உப்புப் பூத்த திட்டுகள். வீரபாகு கரையில் நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். மாரியில் தண்ணீர் வந்து நின்ற அடையாளம் அதன் அடியில் கறுப்பாக அவருடைய இடுப்பளவுக்குத் தெரிந்தது. இது முழுக்கத் தண்ணியாயிரும் மிஸ் என்றார். தெரியும் அண்ணை என்றாள்.

திரும்பி வந்து மென்பொருளில் எல்லா விபரத்தையும் போட்டாள். இணைப்பு எதற்கு மேலால் போகிறது என்று அது கேட்டது: தரையா, நீரா. நீர் என்று போட்டாள். திரையில் கோடு சிவப்பாக வந்தது. தரை என்று மாற்றினாள். பச்சையாக வந்தது. இப்போது பார்க்கும்போது தரைதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பச்சைக் கோட்டை அச்சடித்து ஹலீமின் மேசையில் வைத்தாள்.

செப்ரெம்பரில் இணைப்பு வந்தது. கண்டல்முனைப் பிள்ளைகள் பள்ளிக்கூட மண்டபத்தில் முதல் தடவையாக ஒரு கணித ஆசிரியரை வவுனியாவிலிருந்து திரையில் கண்டார்கள். வைத்தியசாலைத் தாதி பெரியாஸ்பத்திரி டாக்டருக்குப் படம் அனுப்பி மருந்து கேட்டார். மீனவர்கள் காலையில் கடலுக்குப் போகுமுன் காற்றின் வேகம் பார்த்தார்கள். சுமித்திரா அதிபர் பிரேமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

நவம்பர் கடைசியில் மழை கொட்டி, களப்பு நிறைந்தது. ஒரு காலை ஐந்தரைக்கு இணைப்பு விழுந்தது, எட்டரைக்கு எழும்பியது. அடுத்த நாளும் அப்படியே. பின்னேரங்களிலும் விழத் தொடங்கியது. மழைக்காற்றில் டிஷ் திரும்பியிருக்கும் என்று பிரேமிளா நினைத்தாள். அப்போது அதை உண்மையாகவே நம்பினாள். வீரபாகு கண்டாவளைக் கோபுரத்தில் ஏறினார். எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்று மேலேயிருந்து சொன்னார். அவள் இன்னும் ஒருதரம் சரிபார்க்கச் சொன்னாள். இரண்டாம் தரம் கண்டல்முனைப் பக்கம் ஏறினார். மூன்றாம் தரம் மறுபடியும் கண்டாவளை. நாற்பது மீற்றர் உயரம், ஈரக்கம்பி. மூன்று தரமும் இணைப்புப் பழையபடிதான்.

மூன்றாம் தரத்துக்குப் பிறகு சுமித்திரா அதிபர் ஒரு கொப்பியைப் படம் பிடித்து அனுப்பினார். எந்த நாள், எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசி நிரலில் அவராகவே காற்று என்று தலைப்பிட்டிருந்தார். காற்று வீசிய நாட்களில் ஒரு தரமும் விழவில்லை. காற்று அடங்கி களப்பு அசையாமல் கிடந்த காலைகளில் எல்லாம் விழுந்திருந்தது. எங்கட சனம் இப்ப காத்தடிச்சால்தான் லைன் வரும் எண்டு கதைக்கினம் என்று கீழே எழுதியிருந்தார்.

பிரேமிளா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து தேடி வாசித்தாள். ஒரு மணித்தியாலத்தில் விளங்கிவிட்டது. காற்றில்லாத நேரத்தில் நீருக்கு மேலே ஈரக்காற்று படைபடையாக நிற்கும். வானலையின் ஒரு பகுதி வளைந்து கீழே போய் நீரில் பட்டுத் தெறிக்கும். நேராக வருகிற அலையும் தெறித்து வருகிற அலையும் டிஷ்ஷில் சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு டிஷ்ஷில் அழிந்தாலும் சற்றுக் கீழே உள்ள இன்னொன்றில் அழியாது. அதற்காகத்தான் கொழும்புக்காரர் இரண்டு டிஷ் சொன்னார். அவள் பழைய திட்டத்தைத் திறந்து, தரை என்பதை நீர் என்று மாற்றினாள். அதே சிவப்புக் கோடு. திட்டத்தை மூடினாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எழுந்து ஹலீமின் கதவடிவரை போனாள். உள்ளே அவர் உதவி நிறுவனத்துக்காரரோடு போனில், எங்கட பிள்ளை கொழும்பில பெரிய கம்பனியில இதே பகுதியில இருந்தவ, அவ பாத்துக்கொள்ளுவா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்து தன் கதிரையில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் வீரபாகுவை நாலாம் தரம் ஏறச் சொன்னாள். அதற்கடுத்த கிழமை ஐந்தாம் தரம்.

ஐந்தாம் தரமும் சரிவராமல் போனதும் ஹலீம் எல்லோரையும் கூப்பிட்டார். அவருடைய மகள் நிஹ்லா, முறைப்பாட்டுப் போனுக்குப் பொறுப்பானவள், ஒரு பக்கம் நின்றாள். வீடுகளில் பெட்டி பூட்டும் அஜந்தன் சுவரில் சாய்ந்து நின்றான். வீரபாகு நனைந்த சேட்டோடு கதவருகே நின்றார். என்ன பிழை என்று ஹலீம் கேட்டார். பிரேமிளா, டிஷ் சரியாகப் பூட்டப்படவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது என்றாள். சொல்லும்போது மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

வீரபாகு வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார்.

"கழண்டிருந்தா முழு நாளும் கழண்டுதானே மிஸ் இருக்கணும். காலையில மட்டும் எப்படிக் கழலும்? தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கிறப்பதான் விழுது. நான் மேல நின்னு பாத்தேன்."

அறையில் இருந்த மற்றவர்களில் அவர் சொன்னது சரி என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அண்ணை, நீங்கள் ஏறுற வேலையைப் பாருங்கோ," என்றாள் பிரேமிளா. "மற்றதை நான் பாக்கிறன்."

வெளியே போகும்போது அஜந்தன், தோட்டத்து ஆக்களை நம்பி இந்த வேலைகளைக் குடுத்தால் இப்படித்தான் என்று முணுமுணுத்தான். வீரபாகுவுக்கும் கேட்டிருக்கும். பிரேமிளாவுக்கு நன்றாகக் கேட்டது. அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அஜந்தன் வாயை மூடியிருப்பான். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் தரம் டிசம்பர் இருபதாம் திகதி. தூறிக்கொண்டிருந்தது. வீரபாகு டிஷ்ஷை முழுதாகக் கழற்றி மறுபடி பூட்டினார். இறங்கும்போது பதினைந்து மீற்றரில் கால் வழுக்கியது. இடுப்புப் பட்டி பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு கையில் தொங்கி, தோள்மூட்டு விலகிவிட்டது. அவர் கத்தவில்லை. மற்றக் கையால் கம்பியைப் பிடித்து, படி படியாகத் தானே இறங்கி வந்து, நிலத்தில் உட்கார்ந்து, எல்லாம் சரியாப் பூட்டியிருக்கேன் மிஸ் என்றார். அஜந்தன் வானை ஓட்ட, பிரேமிளா பின்னால் அவருக்குப் பக்கத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவருடைய நெற்றி முழுக்க வியர்வை. வழியில் அவள் இரண்டு தரம் சொல்ல வாயெடுத்தாள். இரண்டு தரமும், நோகுதோ அண்ணை என்றுதான் கேட்டாள்.

அடுத்த நாள் காலையும் இணைப்பு விழுந்தது. ஹலீம் கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். ஆனால் அவருக்கு அலுத்துவிட்டது. ஓமந்தையிலிருந்து வேறு ஆட்களைக் கூப்பிடுவோம், வீரபாகு இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிடு என்று பிரேமிளாவிடம் சொன்னார். அவள் போன் எடுத்துச் சொன்னாள். மறுபக்கத்திலிருந்து, சரி மிஸ் என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

ஓமந்தையிலிருந்து சுமன் என்பவர் இரண்டு பேரோடு வந்தார். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: "இதில தொட ஒண்டுமில்லை. ஆர் பூட்டினதோ தெரியாது, நல்ல வேலைக்காரன்." அதை அவளிடம் மட்டும்தான் சொன்னார். கம்பனி ஆட்கள் வேறு யாரும் அங்கே இல்லை. அவள் அன்றைய அறிக்கையில், டிஷ் திருத்திப் பூட்டப்பட்டது என்று எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து ஹலீம் பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார். வவுனியாவில் கோபுர வேலை செய்யும் கம்பனி ஒன்று வீரபாகுவைப் பற்றி விசாரித்துப் போன் எடுத்ததாம். கவனமில்லாத ஆள், எங்களுக்குப் பெரிய கரைச்சல் வந்தது என்று இவர் சொல்லிவிட்டாராம். நல்ல ஆள் என்று பொய் சொல்லி இன்னொருத்தனை மாட்டிவிடக் கூடாதே தங்கச்சி என்றார். பிரேமிளா மத்தியானம் சாப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குத் தெற்கே அவருடைய குடியிருப்புக்குப் போனாள்.

வீட்டில் அவருடைய மனைவி மீனம்மா இருந்தார். அவளைக் கண்டதும், வாங்க மிஸ், உக்காருங்க என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் அவளை ஒருவரும் திட்டப் போவதில்லை என்பது விளங்கியதும் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. வீரபாகு பின்வளவிலிருந்து வந்தார். இடது கை துணியில் தொங்கியது. வலது கையால் கச்சான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் சொன்னாள். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, அதிபரின் கொப்பி, நாலாம் தரம், ஐந்தாம் தரம், ஆறாம் தரம், சுமன் சொன்னது, தான் எழுதியது எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுதால் மீனம்மா ஆறுதல் சொல்ல வருவார் என்ற பயத்தில் அடக்கிக்கொண்டாள். மீனம்மா கையில் கோப்பையோடு குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கோப்பையை அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வீரபாகு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டிஷ்ஷில் பிழையில்லை என்று எனக்குத் தெரியும் மிஸ், பூட்டினவன் நான்தானே என்றார். பிறகு ஏன் மறுபடி மறுபடி ஏறினீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்ட பிறகுதான், கேட்கத் தனக்கு உரிமை இல்லாத கேள்வி அது என்று தெரிந்தது.

"நீங்க படிச்சவங்க. காரணம் இல்லாம ஏத்த மாட்டீங்கன்னு நினைச்சேன்."

அவள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். அவர் தடுத்தார்.

"எங்கிட்ட சொல்லி என்ன மிஸ் ஆகப்போகுது? எங்க வச்சு என்னைச் சொன்னீங்களோ, அங்க சொல்லுங்க."

அவள் அங்கேயிருந்து நேரே அலுவலகத்துக்கு வரவில்லை. வர முடியவில்லை. ஏ-ஒன்பது வீதியோரம் ஸ்கூட்டியை நிறுத்தி அரை மணித்தியாலம் நின்றாள். வேலையை விட்டுவிட்டு மறுபடி கொழும்புக்குப் போய்விடலாம் என்று அந்த நேரத்தில் நினைத்ததாகப் பின்னாளில் சொன்னாள். ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்துவிடலாம் என்றும் நினைத்தாளாம். இரண்டிலும் அவர் கேட்டது நடக்காது.

நாலு மணிக்கு அலுவலகத்துக்கு வந்து, எல்லோரையும் ஒருதரம் கூப்பிடச் சொல்லி ஹலீமைக் கேட்டாள். நிஹ்லா வந்தாள், அஜந்தன் வந்தான். அன்றைக்கு நின்ற அதே இடங்களில்தான் நின்றார்கள். கதவருகே மட்டும் ஒருவரும் இல்லை. பிரேமிளா நின்றபடி சொன்னாள். கருவியைத் தெரிவு செய்ததில்தான் பிழை, தெரிவு செய்தது நான், வீரபாகு அண்ணை பூட்டியதில் ஒரு பிழையும் இல்லை, அவர் அன்றைக்குச் சொன்னது அத்தனையும் சரி என்றாள். கொழும்பில் தான் செய்தது முறைப்பாடு கேட்கும் வேலை என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தவை.

ஹலீம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப அந்த மனிசனை ஆறு தரம் மேல ஏத்தினது?"

"முதல் மூண்டு தரமும் எனக்குத் தெரியாது நானா."

"பிந்தின மூண்டு தரம்?"

"தெரியும்."

நிஹ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்கள் இருவரும் மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுபவர்கள். பிரேமிளாவைப் பார்த்துத்தான் அவள் கணினிப் படிப்பில் சேர்ந்திருந்தாள். ஹலீம் திட்டவில்லை. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. பிரேமிளாவின் முன்னாலேயே வவுனியாக் கம்பனிக்குப் போன் எடுத்து, அந்த ஆளைப் பற்றி நான் சொன்னது பிழை, பிழை எங்களுடையது என்றார். எங்களுடையது என்றுதான் சொன்னார். அவளுடைய பெயரைச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு வான் சாவியை எடுத்துக்கொண்டு தனியாக வீரபாகுவின் வீட்டுக்குப் போனார். அங்கே இருவரும் என்ன கதைத்தார்கள் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கொழும்புக்காரரிடம் இரண்டு டிஷ் தொகுதிக்குச் சொல்லப்பட்டது. அதே பொறியியலாளர் வீடியோவில் வந்தார். இந்த முறையும் ஹலீம் பக்கத்தில் இருந்தார். பிரேமிளா, தெறிப்புப் புள்ளி என்றால் என்ன, எனக்குத் தெரியாது, சொல்லித்தாருங்கள் என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கோடு கீறி, இரண்டு டிஷ்ஷுக்கும் இடையில் ஆறரை மீற்றர் ஏன் வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடம்தான் அவளை அதிகம் வாட்டியது. வெறும் பத்து நிமிடத்துக்குப் பயந்து ஒரு மனிதரின் தோளை விலகவைத்திருக்கிறாள்.

கருவி பங்குனியில் வந்தது. அதற்குள் வீரபாகுவின் தோளும் தேறியிருந்தது. வவுனியாக் கம்பனியிலும் வேலை தயாராக இருந்தது. ஆனால் அவர் இங்கேயே வருகிறேன் என்றார், வீட்டுக்குப் பக்கம் என்பதால். ஒரு நிபந்தனை வைத்தார். எதற்காக ஏற வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தாள் இல்லாமல் ஏற மாட்டார். ஹலீம் உடனே சம்மதித்தார். கண்டல்முனையில் இரண்டாவது டிஷ்ஷை மாட்ட ஏறிய அன்று முதல் தாளைப் பிரேமிளா கோபுரத்தடியில் நின்று எழுதினாள். அவர் அதை இரண்டு தரம் வாசித்து, மடித்துப் பொலித்தீன் பையில் போட்டு, சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார்.

அடுத்த மாரியிலும் களப்பு நிறைந்தது. இணைப்பு ஒரு காலையும் விழவில்லை. காற்றைப் பற்றிய பகிடியைக் கண்டல்முனைச் சனம் மறந்துவிட்டது. தைமாதம் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பிரேமிளாவுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று சுமித்திரா அதிபர் அழைப்பு அனுப்பினார். அவள் அதிபருக்குப் போன் எடுத்து நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இருக்கவில்லை. அதிபர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் அவருக்குப் போர்த்துகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார். வீரபாகு வெள்ளைச் சேட்டோடு மேடையில் நின்று, பொன்னாடையைச் சரிசெய்யத் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். மீனம்மா முன்வரிசையில் இருந்தார். பிரேமிளா கடைசி வரிசையில் நின்று கைதட்டினாள்.

இப்போது அவளுடைய திட்டம் ஒவ்வொன்றும் வவுனியாவில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரிடம் போய்த்தான் ஹலீமின் மேசைக்கு வரும். அவளை நம்பவில்லை என்று ஹலீம் சொன்னதில்லை. இனிமேல் இப்படித்தான் என்று மட்டும் சொன்னார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. சில நாட்களில் அவள் எழுதும் தாளில், காரணம் தெரியவில்லை, மேலே பார்த்தால்தான் தெரியும் என்று இருக்கும். அதற்கும் வீரபாகு ஏறுவார்.

முன்பெல்லாம் வெளியூர் வேலைக்குப் போனால் எல்லோரும் கோபுர நிழலில் வட்டமாக இருந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பார்கள். மீனம்மா தந்துவிடும் சம்பலில் பிரேமிளாவுக்கும் ஒரு பங்கு வரும். இப்போது வீரபாகு தன்னுடைய பார்சலை எடுத்துக்கொண்டு வானின் மறுபக்கம் போய் இருந்து சாப்பிடுகிறார். கோபமாக இல்லை. வாங்க என்று கூப்பிடுவதும் இல்லை. அவள் இந்தப் பக்கம் இருந்து சாப்பிட்டு, அவர் கை கழுவும் சத்தம் கேட்ட பிறகு எழும்புகிறாள்.